மேனிலை முதலாண்டுக் கணிதமும் நாட்பங்கீடும்

2018-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு வெளியிட்ட பதினோராம் வகுப்புக் கணிதநூல் பன்னிரண்டு இயல்களையுடையது. ஜூனில் தொடங்கும் பள்ளியாண்டினை அவற்றிற்குச் சமமாகப் பகிர்தல் எளிது. ஆயினும் பொருந்தாது என்பதே எம் கருத்து.

கணங்கள் ஒன்பதாம் வகுப்பிலும், சார்புகள் பத்தாம் வகுப்பிலும் ஒருவாறு பயின்றவையே. அவற்றிற் குறைக்கும் நாட்களை முக்கோணவியலுக்குச் சேர்த்தல் வேண்டும். கீழ்வகுப்பில் சைன் என்பது செங்கோண முக்கோணத்தின் பக்கவிகிதம். இங்கோ மெய்யெண்கள் அனைத்திற்கும் உரிய சார்பாகின்றது. இம்மாற்றம் மனனத்தால் விளங்குவதன்று.

முசிறி மாணாக்கர்க்குக் காவிரி அண்மையிலுள்ளது. கரையில் ஓர் அடிக்கோடளந்து, அதன் இரு முனைகளினின்றும் குளித்தலைப் பக்கத்து மரமொன்றை நோக்கிக் கோணங்களை அறியின், சைன் விதியால் ஆற்றின் அகலத்தைக் கணிக்கலாம். (அடிக்கோடு குறுகின் பிழை பெருகும், நூறடி போதாது.) 1802-இல் லாம்டன் என்பார் பரங்கிமலையருகே தொடங்கிய பெருநில அளவையும் இம்முறையினதே. ஒரு முனைக்கோணம் விரிகோணமாயின் பழைய வரையறை உதவாது. புதியதன் தேவை அப்பொழுதே புலப்படும்.

இதனை விரைந்து கடப்பின், பின்னர் எல்லை, வகையீடு என்னும் இயல்களில் சைன் வருந்தோறும் மாணாக்கர் பொருளறியாது வாய்பாடெழுதுவர். பொறியியலை விழைந்து வந்த சிற்றூர்ப் பிள்ளைகள் பலர் தளர்வது அவ்விடத்தேதான்.