மலிவு எஞ்சினில் 400 குதிரைகள்

கேள்வி: குறைந்த செலவில் நான்கு சிலிண்டர் எஞ்சினில் 400 குதிரைத்திறன் எடுக்க, அமெரிக்காவில் எதை வாங்குகிறார்கள்?

பதில்: பலருடைய தேர்வு ஹோண்டாவின் 2.4 லிட்டர் கே24. அங்குள்ள காயலான் கடைகளில் பழைய ஹோண்டா சிஆர்-வி காரின் கே24 எஞ்சின் மலிவு. ஆனால் அக்யூரா டிஎஸ்எக்ஸ் காரின் கே24ஏ2 கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். அதில் வால்வ் திறப்பை மாற்றும் விடெக், இன்டேக், எக்சாஸ்ட் இரண்டு பக்கமும் வேலை செய்யும். சிஆர்-வியில் இன்டேக் மட்டும்தான். ஸ்ட்ரோக் 99 மி.மீ., நீளம் அதிகம் என்பதால், ஆர்பிஎம்மை ஏற்றிப் பவர் தேடுவதைவிட டர்போவே சிக்கனம். பூஸ்ட் கூடினால் கம்பெனி கனெக்டிங் ராடு தாங்காது. ஃபோர்ஜ்டு ராடு, பிஸ்டன், பெரிய இன்ஜெக்டர் முதலில். பளபளக்கும் வால்வ் கவரெல்லாம் அப்புறம். டியூனிங்குக்கு ஒதுக்கிய பணத்தில் மட்டும் கைவைக்காதீர்கள். பெட்ரோல் கலவை மெலிந்தால் புது பிஸ்டனும் உருகும்.