நாற்பது பக்க நோட்டு

பத்தமடை

அன்பு மருமகனே,

கன்னடியன் கால்வாயில் குளித்துவிட்டு வந்து திண்ணையில் உட்காரவில்லை, அதற்குள் உன் அம்மா வந்து நின்றாள். "தம்பிக்கு யூரின்ல உப்பு போகுதாம் அண்ணே" என்று ஒரே அழுகை. உப்பில்லை, அது ஆல்புமின் என்கிற புரதம் என்று சொன்னேன். தலையாட்டினாள். ஆனாலும் நீ கோயம்புத்தூரில் இருக்க, இங்கே சாம்பாரில் உப்பைக் குறைத்துவிட்டாள். உனக்காக நான் சப்பென்று சாப்பிடுகிறேன்.

வேலைக்குச் சேர எடுத்த டெஸ்டில் இரண்டு பிளஸ். சுகர் இல்லை, பிரஷர் சரி, காரணம் தெரியவில்லை. அவ்வளவுதானே? காய்ச்சல் அடித்தாலும், முந்தின நாள் மூச்சிரைக்க ஓடியிருந்தாலும் இரண்டொரு நாள் புரதம் இறங்கும். உன் வயதுப் பிள்ளைகள் சிலருக்கு நாளெல்லாம் நின்றால் இறங்கும், படுத்து எழுந்தால் இருக்காது. அதனால்தான் காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீரைக் கொடுக்கச் சொல்வார்கள். மூன்று மாதத்துக்குள் மூன்று தடவை பார்த்து, இரண்டு தடவையாவது இருந்தால்தான் அது நிலைத்த புரதம். சிறுநீரில் முக்கிப் பார்க்கும் ஸ்ட்ரிப்போடு நிறுத்தாதே, புரதம்-கிரியேட்டினின் விகிதம் கேள். ஒரு நாளைக்கு 150 மில்லிகிராம் வரை எல்லோருக்கும் போகும். மூன்றரை கிராமைத் தாண்டினால் விஷயம் பெரிது.

நான் லேபில் சேர்ந்த காலத்தில் ஸ்ட்ரிப் ஏது? ஸ்பிரிட் விளக்கில் டெஸ்ட் டியூபின் மேல்பாதியைக் காட்டுவோம். முட்டை வெள்ளைக்கரு வேகிற மாதிரி கலங்கும். அசிட்டிக் அமிலம் ஒரு சொட்டு விட்டும் கலங்கல் போகாவிட்டால் புரதம். பிளஸ் போட்டுச் சீட்டை நீட்டிவிடுவேன். "என்ன சாப்பிட்டே, என்ன பூசினே?" என்று ஒருவரையும் கேட்டதில்லை. அது என் வேலையில்லை என்றிருந்தேன். இப்போது உறுத்துகிறது.

ஏன் தெரியுமா? மருத்துவர்கள் சிலர் 2022-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். புரதத்தைக் கசியவிடும் 'மெம்பரனஸ்' சிறுநீரக நோயில் ஒரு வகை வந்தவர்களில் பலர் நாட்டு மருந்து சாப்பிட்டவர்கள். அந்த மருந்துகளைச் சோதித்தால் பாதரசம். அடுத்த வருஷம் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் அதே நோய். அங்கே குற்றவாளி சிவப்பழகு கிரீம்! நிறுத்தியதும் பலருக்குப் புரதம் குறைந்தது. சிறுநீரகத்தில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தும் தெரியாத காரணம், குளியலறை அலமாரியில் இருந்திருக்கிறது.

கோபப்படாதே. போன பொங்கலுக்கு வந்தபோது மாப்பிள்ளை முகம் ரோஸ் பவுடர் டப்பா மாதிரி இருந்தது. கேட்டதற்கு "ஏசி ரூம் மாமா" என்றாய். நானும் நம்பினேன் என்று வைத்துக்கொள்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கு. டெஸ்ட் எடுத்த தேதி, அளவு, பிரஷர், எடை எழுது. காலையில் கண் வீங்கியதா, சிறுநீர் நுரைத்ததா, முந்தின நாள் ஜிம்முக்குப் போனாயா எழுது. மூட்டுவலி மாத்திரை, லேகியம், புரோட்டீன் பவுடர், பெயர் ஒட்டாத கிரீம் எதையும் விடாதே. நீ மருந்தென்று நினைக்காததைத்தான் முதலில் எழுத வேண்டும். ரிப்போர்ட்டுகளை போனில் போட்டோ எடுத்துவிட்டுக் கிழித்துப் போடாதே; தேதிவாரியாகச் சேர்த்து வை. டாக்டர் முன்னால் வெட்கப்பட்டு மறைக்காதே.

24 மணி நேரச் சிறுநீர் பிடிக்கச் சொன்னால், முதல் நாள் காலையில் போவதைக் கொட்டிவிட்டு மணியைக் குறி. அதற்குப்பின் ஒரு சொட்டு விடாமல், மறுநாள் அதே மணிக்குப் போவதுவரை கேனில் சேரணும். பாதிப் பேர் இதில்தான் தப்பு செய்வார்கள்.

நோட்டின் முதல் பக்கத்தை இன்று இரவே எழுது. அந்த கிரீம் பெயரிலிருந்து ஆரம்பி. டப்பாவைத் தூக்கிப் போடாதே, பூசாமல் எடுத்து வைத்து டாக்டரிடம் காட்டு.

உன் மாமா