செடிகளை ஒப்படைத்துவிட்டுப் புறப்படு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. சித்திரைத் திருவிழாவுக்கு இந்த வருடம் வரவில்லை, மாடியில் இருக்கிற தொட்டிகளை விட்டுவிட்டு எப்படி வருவது என்று நீ சொன்னதாக உன் அம்மா ஃபோனில் சொன்னாள். உன் அப்பா அதைக் கேட்டுக்கொண்டு எதுவும் பேசாமல் எழுந்து போய்விட்டாராம். அதனால்தான் இந்தக் கடிதம்.

செடி வைத்தவளுக்கு அந்தத் தவிப்பு இருக்கத்தான் வேண்டும். ஆனால் அதுவே உன்னை வீட்டோடு கட்டிப்போட்டுவிடக் கூடாது. முதலில் செடிக்கு வழி சொல்கிறேன், பிறகு மனுஷர்களிடம் வருகிறேன்.

மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் பிறந்துவிடும். மாதக் கடைசிவரை அதன் ஆட்சிதான். உங்கள் சென்னையில் மதியத்துக்குள் கடற்காற்று வந்துவிட்டால் பிழைத்தோம்; அது தாமதமாகிற நாளில்தான் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும். தக்காளிப் பூ உதிர்கிறது என்று வருத்தப்பட்டாயாமே. பகல் சூடு முப்பத்தைந்துக்கு மேல் போய், ராத்திரியும் தணியாமல் இருந்தால் தக்காளியின் மகரந்தம் வீணாகிவிடும், பூ காயாகாது. அதில் உன் கைக்குற்றம் ஒன்றும் இல்லை. பூ கொட்டுகிறதே என்று உரத்தை அள்ளிப் போடாதே, வெயிலில் அது வேரைச் சுடும். இந்த மாதத்தில் தொட்டி மாற்றுவதும் கிளை வெட்டுவதும் வேண்டாம். வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை இந்த வெயிலைத் தாங்கும். அவற்றைப் பார்த்து ஆறுதல் கொள்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே தொட்டிகளையெல்லாம் கிழக்கு பார்த்த சுவர் ஓரமாக நெருக்கி வைத்து, மேலே ஐம்பது சதவீத நிழல்வலையைக் கட்டு. ஒன்றை ஒன்று ஒட்டியிருந்தால் ஈரம் சீக்கிரம் போகாது. மண்ணின் மேல் காய்ந்த சருகையோ தேங்காய் நாரையோ கனமாக மூடாக்குப் போடு.

தேங்காய் நார்த்தூள் கலந்த பைகளை மட்டும் தனியாகப் பார். நார்த்தூள் ஒருதரம் முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரைச் சட்டென்று வாங்காது. நீ மேலே ஊற்றுவாய், அது பையின் ஓரமாகவே வழிந்து அடியில் வந்துவிடும், நீயும் நன்றாக நனைந்துவிட்டதென்று நினைத்துக்கொள்வாய். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு விட்டுப் பார்த்தால் உள்ளே பொடியாக இருக்கும். அப்படி இருந்தால் பையை அப்படியே ஒரு டப்பில் தண்ணீர் ஊற்றி உட்கார வை. குமிழி கொப்பளித்து வரும். அது நின்றபிறகு எடுத்தால் போதும். இன்னொன்று, வெயிலில் கிடந்த ஹோஸ் பைப்பில் முதலில் வருகிற தண்ணீர் கையைச் சுடும். அதை ஒரு வாளியில் பிடித்து ஆறவிடாமல் செடிக்குக் காட்டாதே.

இனி மனுஷர்கள். உன் கீழ் வீட்டில் ஒரு அம்மா இருக்கிறார் என்றாய், லிஃப்டில் பார்த்தால் சிரிப்பார் என்றாய். அவரிடம் போய்க் கேள். சொட்டுநீர்க் குழாயும் டைமரும் வாங்கி வைத்துவிட்டால் யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று நீ யோசிப்பாய். வாங்கு, கூடாதென்று சொல்லவில்லை. ஆனால் யாரிடமும் உதவி கேட்காத இடத்தில் சிநேகிதம் உண்டாகாது, பாப்பா. தனிக் குடித்தனம் வந்த புதிதில் எனக்குக் கிடைத்த சிநேகிதி, ஊருக்குப் போகிறேன், என் துளசிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாயா என்று வாசலில் வந்து நின்றவள்தான். இன்றைக்கும் என் வீட்டில் ஒரு நல்லது கெட்டது என்றால் சொந்தக்காரர்களுக்கு முன்னால் அவள் வந்து நிற்கிறாள்.

சும்மா தண்ணீர் ஊற்றச் சொல்லாதே, வெண்டைக்காயைப் பறித்துக்கொள்ளவும் சொல். பூத்து ஐந்தாறு நாளில் காய் பதமாகிவிடும். அப்போது விட்டுவிட்டால் முற்றி நாராகும், செடியும் அடுத்து காய்க்கத் தயங்கும். அவர் பறிப்பது உன் செடிக்கே நல்லது, அதைச் சொல்லியே கொடு. திரும்பி வரும்போது ஒன்றிரண்டு செடி வாடியிருந்தால் அதைப் பற்றி அவரிடம் மூச்சு விடாதே. ஒரு கத்தரிச் செடி போனால் விதை போட்டு இன்னொன்று வளர்த்துக்கொள்ளலாம்.

உன் அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபோன் எடுத்தால் "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவார், அவ்வளவுதான் பேச்சு என்று நீ குறைப்படுகிறாய். அவரிடம் மண்ணைப் பற்றிக் கேட்டுப் பார். மாவுப்பூச்சிக்கு என்ன செய்வது என்று கேள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் இலைக்கு அடியில் படும்படி தெளிக்க வேண்டும் என்று ஆரம்பிப்பார், நிறுத்த மாட்டார். உன் அப்பத்தா சாம்பலில் புரட்டி பாட்டிலில் போட்டுவைத்த அவரை விதையின் வம்சத்தை இன்றைக்கும் அவர்தான் காப்பாற்றி வருகிறார். அதை உன் கையில் கொடுக்க வேண்டும் என்று காத்திருக்கிறார்; வாய்விட்டுச் சொல்லத் தெரியாது.

திருவிழா முடிந்ததும் நாம் எல்லாருமாகக் குன்னூர் போகலாம். 1874-இல் உண்டான சிம்ஸ் பூங்காவை நீ பார்த்ததில்லை. மே மாதத்தில் அங்கே பழக் கண்காட்சி நடக்கும். அப்படியே ஊட்டிக்கும் போய்வரலாம். அங்குள்ள தாவரவியல் பூங்கா சிம்ஸ் பூங்காவைவிடப் பழையது, 1848-இல் தொடங்கியது. இங்கிலாந்தின் கியூ தாவரவியல் தோட்டத்தில் தொழில் பழகிய மெக்ஐவர் என்ற தோட்டக்காரர் ஒரு மலைச்சரிவைத் திருத்தி உண்டாக்கினார். அங்கே கல்லாகிப்போன ஒரு மரத்துண்டு இருக்கிறது, இரண்டு கோடி ஆண்டு பழையது என்கிறார்கள். அதன் பக்கத்தில் நிதானமாக நின்று பார்க்க வேண்டும். மலைச் செடிகளை மட்டும் ஆசைப்பட்டு வாங்காதே. அந்தக் குளிரில் பிறந்தவை சென்னை மாடியில் ஒரு கோடையைத் தாண்டாது.

உனக்குக் கொண்டுபோக இங்கேயே மல்லிகைப் பதியன் இருக்கிறது. கோடையில் அதை வைக்க வேண்டாம், மழைக்காலம் தொடங்கட்டும். அதுவரை நிழலில் வைத்திரு.

சித்ரா பௌர்ணமியன்று விடியலில் அழகர் ஆற்றில் இறங்குவதை என்னோடு வந்து பார். திருவிழா நேரத்தில் ரயில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், நாளைக்கே பாண்டியன் எக்ஸ்பிரஸில் போட்டுவிடு. கீழ் வீட்டு அம்மாவுக்கு இங்கிருந்து என்ன வாங்கி வைக்கட்டும் என்று கேட்டு எழுது.

அன்புடன்,
அத்தை
மதுரை