கைகூப்பிப் பாருங்கள்: சவ்வும் சீனியும்



சில மாதங்களுக்கு முன் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு தாயார் என்னிடம் வந்தார். "டொக்டர், இடது கை உயர்த்தேலாமல் கிடக்கு. தலை இழுக்கவும் ஏலாது, பிளவுஸ் கொளுவவும் ஏலாது" என்றார். கடையில் பெட்டி தூக்கியதால் வந்த பிடிப்பு என்று நினைத்து, ஏழு மாதமாக எண்ணெய் பூசியும் நோக் குளிசை போட்டும் சமாளித்திருக்கிறார். பரிசோதித்ததில் அது "ஃப்ரோசன் ஷோல்டர்" என்று சொல்லப்படும் உறைந்த தோள். கூடவே குருதிப் பரிசோதனைக்கும் அனுப்பினேன். முடிவு வந்தபோதுதான் தனக்கு நீரிழிவு இருப்பது அவருக்குத் தெரியவந்தது.

தோளுக்கும் சீனிக்கும் என்ன தொடர்பு? அதை விளங்கிக்கொள்ள, நாம் கவனிக்காமல் விட்ட ஓர் இழையத்தைப் பார்க்க வேண்டும்.

வாளிக்குள் போட்ட சவ்வு

ஆட்டிறைச்சி வெட்டும்போது தசையின் மேல் வெள்ளைச் சவ்வு ஒட்டியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். மருத்துவத்தில் இதை ஃபாசியா என்பர். தசைநாண், மூட்டைச் சுற்றியுள்ள உறை ஆகியவற்றைப் போல இதுவும் தொடுப்பிழையமே. யாழ்ப்பாணத்தில் மருத்துவ மாணவனாக இருந்த காலத்தில், உடற்கூற்றியல் வகுப்பில் இதைச் சுரண்டி வாளிக்குள் போடுவோம். அடியிலுள்ள தசையும் நரம்புமே எங்களுக்குப் பாடம்.

பின்னர் நிலைமை மாறியது. 2007 இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் முதலாவது சர்வதேச ஃபாசியா ஆய்வு மாநாடு நடந்தது. இந்தச் சவ்வு வெறும் பொதி சுற்றும் தாள் அல்ல என்பது இன்று தெளிவு. இதில் நரம்பு முனைகள் உண்டு. கொலாஜன் நார்களை உண்டாக்கிப் பராமரிக்கும் கலங்கள் உண்டு. ஒரு படை மற்றதன் மேல் வழுக்கிச் செல்ல ஹையலூரோனான் என்ற வழுவழுப்பான பதார்த்தமும் உண்டு. வைத்தியர் ஹெலன் லாஞ்செவின் குழுவினர் 2011 இல் வெளியிட்ட ஆய்வில் 121 பேரின் நாரிப் பகுதியை அல்ட்ராசவுண்ட் மூலம் பார்த்தனர். நாட்பட்ட நாரி நோ உள்ளவர்களில் சவ்வுப் படைகளின் வழுக்கல் ஏறத்தாழ 20 வீதம் குறைவாக இருந்தது. அது நோவின் காரணமா, விளைவா என்பதை அந்த ஆய்வு தீர்க்கவில்லை.

சீனி செய்யும் வேலை

பாண் வேகும்போது மேற்பக்கம் சிவந்து இறுகுகிறதல்லவா? சீனியும் புரதமும் சேர்ந்து செய்யும் அந்த இரசாயன மாற்றத்தை 1912 இல் பிரெஞ்சு அறிஞர் மையார் விவரித்தார். இதே வகையான மாற்றம் நம் உடம்பிலும் மெதுவாக நடக்கிறது. குருதியில் சீனி கூடக் கூட அது விரைவாகிறது.

நீரிழிவுக்காகச் செய்யும் எச்பிஏ1சி பரிசோதனை அளப்பதும் இதைத்தான்: செங்குருதிக் கலத்தில் எவ்வளவு சீனி ஒட்டியிருக்கிறது என்பதை. அந்தக் கலம் சுமார் 120 நாட்களே வாழ்வதால், பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கையே சொல்லும். கொலாஜனோ பல வருடங்கள் நிலைத்திருப்பது. சீனி அதில் ஒட்டி, நாரோடு நாரைப் பிணைத்து, இழையத்தை இறுக்கிவிடுகிறது. குருதி மூன்று மாதக் கணக்கு என்றால், சவ்வு பல வருடக் கணக்கு.

கைகூப்பும் சோதனை

வணக்கம் சொல்வதுபோல் இரு கைகளையும் நெஞ்சுக்கு நேரே கூப்பி, முழங்கைகளை உயர்த்துங்கள். உள்ளங்கையும் விரல்களும் இடைவெளியின்றிச் சேர வேண்டும். விரல் மூட்டுகள் மடங்கியே நின்று இடைவெளி தெரிந்தால், இழையம் இறுகியிருக்கலாம்.

அமெரிக்காவில் ரோசன்புளூமும் பிரியாசும் 1974 இல் நீரிழிவுள்ள இளையோரின் இவ்வகை மூட்டு இறுக்கம் பற்றி எழுதினர். 1981 இல் வந்த தொடர் ஆய்வில், மூட்டு இறுகிய இளையோருக்குக் கண், சிறுநீரகம் ஆகியவற்றின் நுண்குழாய்ப் பாதிப்பும் அதிகமெனக் காணப்பட்டது. கைகள் சேராவிட்டால் நீரிழிவுதான் என்று முடிவெடுக்க வேண்டாம். மூட்டுவாதத்தாலும் அப்படி வரலாம். கைகள் நன்றாகச் சேர்ந்தாலும் நீரிழிவு இல்லை என்றாகிவிடாது. தீர்ப்புச் சொல்வது குருதிப் பரிசோதனைதான்.

உறைந்த தோள்

இதில் மூட்டின் உறை தடித்துச் சுருங்குகிறது. முதலில் கடும் நோ, பிறகு இறுக்கம், பின்னர் மெதுவான தளர்வு. முழுவதற்கும் ஒன்று முதல் மூன்று வருடம் எடுக்கலாம். 2016 இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, நீரிழிவு உள்ளவர்களுக்கு இது வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு. உறைந்த தோளுடன் வருபவர்களில் சுமார் 30 வீதத்தினருக்கு நீரிழிவு உண்டு. நம்மைப் போன்ற தென்னாசியருக்கு நீரிழிவு இளவயதிலேயே வருவதால் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

நீங்கள் செய்யக்கூடியவை

1. முழங்கையை விலாவோடு ஒட்டி மடித்துக்கொண்டு, முன்கையை வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். மற்றவர் பிடித்துத் திருப்பினாலும் திரும்பாவிட்டால் குடும்ப வைத்தியரிடம் காட்டுங்கள். எச்பிஏ1சி பரிசோதனையும் கேளுங்கள். 48 அல்லது அதற்கு மேல் நீரிழிவு, 42 முதல் 47 வரை எச்சரிக்கை.

2. கையைக் கட்டித் தூக்கி வைக்காதீர்கள். நோவைப் பொறுக்கக்கூடிய அளவுக்கு அசையுங்கள். மற்றவரைக் கொண்டு முறுக்கி இழுப்பிக்கவும் வேண்டாம்.

3. ஆரம்பத்தில் ஸ்டீரொயிட் ஊசி நோவைக் குறைக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில நாட்கள் சீனி ஏறும் என்பதால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

4. சத்திரசிகிச்சைக்கு அவசரப்பட வேண்டாம். பிரித்தானியாவில் 503 பேரை வைத்துச் செய்து 2020 இல் வெளியிட்ட ஆய்வில், ஊசியோடு பிசியோதெரபி, மயக்கி அசைத்தல், சத்திரசிகிச்சை ஆகிய மூன்றில் எதுவும் மற்றவற்றைவிடத் தெளிவாகச் சிறந்ததெனத் தெரியவில்லை.

5. "சவ்வைத் தளர்த்துகிறோம்" என்று விற்கும் கருவிகளுக்குப் பணம் கொட்டாதீர்கள். உள்ளங்காலின் தடித்த சவ்வை ஒரு வீதம் அமத்தக்கூட மனிதக் கையின் பலம் போதாதென 2008 இல் ஒரு கணித ஆய்வு காட்டியது. தடவுவது சுகம் தரலாம், சீனியைக் குறைக்காது.

6. தோள் நோவோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் உடனே 999 ஐ அழையுங்கள்.

முதலில் சொன்ன தாயார் இப்போது சோற்றின் அளவைக் குறைத்து, மாலையில் நடக்கிறார். சீனி இறங்கிவிட்டது. தோள் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை, ஆனால் தலையைத் தானே இழுக்கிறார். அந்தத் தோள் உறையாதிருந்தால், அவருடைய கண்ணோ சிறுநீரகமோ நீரிழிவை முதலில் அறிவித்திருக்கலாம்.

இன்று வீட்டிலுள்ள எல்லோரும் ஒருமுறை கைகூப்பிப் பாருங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.