நாட்டின் அடையாளமாய் நிற்கும் வீரர் யார்?

ஒரு நாட்டின் கிரிக்கெட் வரலாற்றில் தலைசிறந்த வீரர் யார் என வினவுதல் ஒன்று. அந்நாட்டின் அடையாளமாய் விளங்கும் வீரர் யார் என வினவுதல் வேறொன்று. முதல் வினாவிற்கு எண்கள் பெரும்பாலும் விடை தந்துவிடும். இரண்டாவதற்கு எண்கள் மட்டும் போதா. இவ்விரு வினாக்களையும் ஒன்றெனக் கொள்வதனாலேயே, நம் இல்லங்களில் விருந்தினர் கூடும்போது எழும் இவ்விவாதம் உணவு ஆறிய பின்பும் ஓய்வதில்லை.

அவுஸ்திரேலியாவில் இத்தெரிவு 2000ஆம் ஆண்டில் முறைப்படி நடைபெற்றது. அந்நாட்டுக் கிரிக்கெட் சபை இருபதாம் நூற்றாண்டிற்குரிய அணியை அறிவித்தது. டொன் பிரட்மன் அணித் தலைவர். பொன்ஸ்போர்ட், மொறிஸ், கிரெக் சப்பல், நீல் ஹார்வி, கீத் மில்லர், இயன் ஹீலி, லிண்ட்வோல், லில்லி, ஓறைலி, ஷேன் வோர்ன் ஆகியோர் ஏனையோர். அலன் போடர் பன்னிரண்டாமவர். அதே ஆண்டில் இங்கிலாந்தின் விஸ்டன் ஆண்டுமலர் 100 நடுவர்களிடம் உலகின் ஐந்து சிறந்த வீரர்களைக் கேட்டது. பிரட்மனுக்கு 100 வாக்குகளும் கிடைத்தன. சோபர்ஸ் 90, ஹொப்ஸ் 30, வோர்ன் 27, விவியன் றிச்சர்ட்ஸ் 25 வாக்குகள் பெற்றனர்.

பிரட்மனைப் பற்றி ஐயம் எழாமைக்குக் காரணம் எளிய கணக்கே. மாணவர்கள் தாமே அதனைச் செய்து பார்க்கலாம். அவர் 52 டெஸ்ட் போட்டிகளில் 80 முறை துடுப்பெடுத்தாடி, 10 முறை ஆட்டமிழக்காமல் நின்று, 6996 ஓட்டங்கள் எடுத்தார். 6996ஐ 70ஆல் வகுத்தால் 99.94. நெடுங்காலம் ஆடிய பிற பெருவீரர்கள் 60ஐ அண்டியே நிற்கின்றனர். 1948இல் தமது இறுதி ஆட்டத்தில் நான்கு ஓட்டங்கள் எடுத்திருப்பின் சராசரி 100 ஆகியிருக்கும், பூச்சியத்தில் ஆட்டமிழந்தார். நூறு என்னும் முழு எண்ணைவிட இக்குறையுள்ள எண்ணே மக்கள் நெஞ்சில் ஆழப் பதிந்துள்ளது என்பது எம் எண்ணம்.

வோர்னின் நிலை வேறு. டெஸ்ட் போட்டிகளில் அவர் வீழ்த்திய 708 விக்கெட்டுகள் அவரை முதலிடத்தில் வைக்கவில்லை. ஆயினும் வேகப் பந்துவீச்சே ஆட்சி செய்த காலத்தில், மணிக்கட்டைச் சுழற்றி வீசும் அருங்கலைக்கு அவர் மீண்டும் உயிரூட்டினார். 1993இல் மான்செஸ்டரில் மைக் கற்றிங்கிற்கு அவர் வீசிய பந்து லெக் ஸ்டம்பிற்கு வெளியே விழுந்து, திரும்பி, ஓஃப் ஸ்டம்பைத் தட்டியது. அப்பந்தைக் கண்ட சிறுவர் எத்தனையோ பேர் மறுநாளே அதனைப் பழகத் தொடங்கினர். அடையாளமாதல் என்பது இதுவே.

இங்கே பெற்றோர் சிலர் குறுக்கிடுவர்: "800 விக்கெட்டுகள் எடுத்த முரளிதரனை விட்டுவிட்டீர்களே!" கண்டியில் 1972இல் பிறந்த அத்தமிழர் இலங்கையின் வரிசையிலே தலைமகன், அவுஸ்திரேலியர் வரிசையில் அவரைத் தேடலாகாது. எனினும் இவ்வூரின் கிரிக்கெட் நினைவில் அவருக்கும் இடமுண்டு. 1995 டிசம்பர் 26ஆம் நாள் மெல்பேர்ன் மைதானத்தில், அவர் பந்தை வீசவில்லை, எறிகிறார் எனக் கருதிய நடுவர் டரல் ஹெயர் ஏழு முறை முறையற்ற பந்தென அறிவித்தார். பின்னர் நடந்த ஆய்வுகள், பந்துவீச்சாளர் பெரும்பாலோரின் முழங்கை ஓரளவு நிமிர்கின்றது என்பதைக் காட்டின. அதன் பின்னர் 15 பாகை வரை யாவருக்கும் இசைவளிக்கப்பட்டது. இன்று இரு நாடுகளும் ஆடும் டெஸ்ட் தொடரின் கிண்ணம் வோர்ன், முரளிதரன் இருவர் பெயரையும் தாங்குகின்றது.

இனி, 2000ஆம் ஆண்டின் பட்டியலில் இல்லாதோரைப் பார்ப்போம். அதில் பெண் ஒருவரும் இல்லை. இந்நாட்டின் ஆதிக்குடியினர் ஒருவரும் இல்லை.

கேரம் டவுன்ஸிலிருந்து நெப்பியன் நெடுஞ்சாலையை அடைந்து நகரை நோக்கிச் சென்றால் செயின்ட் கில்டாவில் ஜங்ஷன் ஓவல் மைதானம் உள்ளது. வோர்ன் கழக வீரராக ஆடிய மைதானம் அது. அவருக்கு வெகு முன்னரே, 1958 பெப்ரவரியில், அங்கு இங்கிலாந்து மகளிருக்கு எதிராக பெற்றி வில்சன் 7 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகள் வீழ்த்தினார். தொடர்ந்து மூன்று பந்துகளில் மூவரை வெளியேற்றியதும் அப்போதே. இரண்டாம் ஆட்டத்தில் சதமும் அடித்து, மொத்தம் 11 விக்கெட்டுகள் எடுத்தார். ஒரே டெஸ்ட் போட்டியில் சதமும் பத்து விக்கெட்டும் பெற்ற முதல் மனிதர் அவரே. ஆண்களுள் அதனை முதலிற் செய்தவர் 1980இல் இயன் பொத்தம். வில்சனுடன் அன்று ஆடிய ஃபெய்த் தோமஸ், அவுஸ்திரேலியாவிற்காக டெஸ்ட் ஆடிய முதல் ஆதிக்குடிப் பெண். வில்சன் நாட்டின் கிரிக்கெட் புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்டது 2017இல்.

இன்னும் பின்னே செல்வோம். முதல் டெஸ்ட் போட்டி மெல்பேர்னில் 1877இல் நடந்தது. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1868இல், கடல்கடந்து இங்கிலாந்து சென்ற முதல் அவுஸ்திரேலிய அணி ஆதிக்குடியினரின் அணி. 47 ஆட்டங்களில் 14 வெற்றி, 14 தோல்வி. அவ்வணியின் ஜொனி முல்லா 1698 ஓட்டங்களும் 245 விக்கெட்டுகளும் எடுத்தார். உனாரிமின் என்பது அவரது சொந்தப் பெயர். 1869இல் விக்டோரியாவில் இயற்றப்பட்ட சட்டம் ஆதிக்குடியினரின் நடமாட்டத்தையே கட்டுப்படுத்தியது. அத்தகைய பயணம் அக்காலத்தில் மீண்டும் நிகழாமற் போனதற்குத் திறமைக் குறைவு காரணமன்று. 2020 முதல் டிசம்பர் 26 டெஸ்டின் சிறந்த வீரருக்கு முல்லா பதக்கம் வழங்கப்படுகின்றது. அதனை முதலிற் பெற்றவர் இந்தியாவின் அஜிங்கியா ரஹானே.

எம் தெரிவு பிரட்மன், வோர்ன், வில்சன், முல்லா என நால்வர். ஐந்தாம் இடத்தை வெற்றாக விட்டுள்ளோம். மாணவர்கள் ஒரு பெயரை எழுதி, அவ்வீரருக்குப் பின் ஆட்டத்தில் மாறியது யாதென மூன்று வாக்கியங்களில் தமிழில் விளக்குக. வீட்டிலுள்ள தாத்தா பாட்டியரிடமும் கேட்டு, அவர்கள் கூறும் பெயரையும் காரணத்தையும் அருகே எழுதுக.