ரதக் கொட்டகைக் கதவு திறக்கலையா? காரணத்தைத் தேடு, ஆளைத் தேடாதே

பாட நோக்கம்: ஒரு பொருள் பழுதானால் பதறாமல், யார் மேலும் பழி போடாமல், வரிசையாகக் காரணம் தேடப் பழகுதல்.



இந்த மாதப் பாடத்தை என் தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் தோட்டம் நெகிரி செம்பிலானில் ரந்தாவ் பக்கம் இருக்கிறது. தாத்தா காலத்தில் பால்மரம், இப்போது செம்பனை. லயங்களில் பாதி காலி. சனங்கள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் குடிபோய்விட்டார்கள். ஆனாலும் மாரியம்மன் திருவிழா என்றால் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள். அன்று இரவு ரதம் தோட்டத்தைச் சுற்றி வரும். அந்த ரதம் நிற்கும் கொட்டகைக்கு இரும்பு ரோலர் ஷட்டர், அதற்கு மோட்டார்.

சில வருடங்களுக்கு முன் திருவிழா அன்று சாயங்காலம். ஏழு மணிக்கு ரதம் கிளம்பணும். ஆறரைக்கு நான் ஷட்டர் பட்டனை அமுக்கினேன். அசையலை. ரிமோட்டை அமுக்கினேன். அதுக்கும் அசையலை. உள்ளே ரதம், வெளியே மேளம், கூட்டம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மத்தியானம் கொட்டகையைக் கூட்டிவிட்டு ஷட்டரை மூடியவன் படிவம் 2 படிக்கும் ஒரு தம்பி. அவனைக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும், "டேய், என்னடா பண்ணித் தொலைச்சே?" என்று கத்தினேன். "நான் ஒண்ணும் பண்ணலண்ணே, மூடத்தான் செஞ்சேன்" என்றான். "பொய் சொல்லாதே!" என்றேன். அவன் முகம் சுருங்கிப்போனது. வீட்டுக்குப் போனவன் ரதத்துக்குக் குடை பிடிக்க வரவே இல்லை.

முதலில் ஆக வேண்டியது

ஒருவர் கடப்பாரை கொண்டுவந்துவிட்டார், நெம்பித் தூக்கலாம் என்று. நல்ல வேளை, ஒரு பெரியவர் தடுத்தார். "மோட்டாருக்கு ஒரு கைச்சங்கிலி இருக்குமே, அது எங்கே?" என்றார். தேடினால் பூவாளி, எண்ணெய் டின்களுக்குப் பின்னால் சங்கிலியைச் சுருட்டிக் கட்டி வைத்திருந்தோம்! மோட்டாரின் சுவிட்சை முதலில் அடைத்தோம். கதவுக்குக் கீழே யாரும் நிற்காமல் ஒதுக்கினோம். பிறகு சங்கிலியை மெதுவாக இழுத்தோம். ரதத்தின் கலசம் இடிக்காத உயரத்துக்குக் கதவு ஏறியது. ஏழே காலுக்கு ரதம் கிளம்பிவிட்டது.

இதுதான் முதல் பாடம். கரண்ட் போனாலும் கதவைத் திறக்கத்தான் அந்தச் சங்கிலி. வீட்டு கராஜ் கதவென்றால் மோட்டார் தண்டில் ஒரு கயிறு தொங்கும். அதை இழுத்தால் கதவு மோட்டாரிலிருந்து விடுபடும். உங்கள் வீட்டில் அது எங்கே இருக்கிறது என்று இன்றே பார்த்து வையுங்கள்.

கதவு தானே சொன்ன காரணம்

இரவு ரதம் திரும்பி வந்த பிறகு, சுவிட்சைப் போட்டு 'கீழே' பட்டனை அமுக்கிப் பார்த்தேன். ஷட்டர் ஜோராக இறங்கியது! பாதியில் நிறுத்தி 'மேலே' பட்டனை அமுக்கினேன். அசைவே இல்லை.

இதை யோசித்துப் பாருங்கள். கீழே இறங்குகிறது என்றால் கரண்ட் வருகிறது, மோட்டார் நன்றாக இருக்கிறது, சங்கிலியும் பட்டையும் சரி. கோளாறு 'மேலே' போகிற வழியில் மட்டும். அப்படியானால் சாயங்காலம் இரண்டு பட்டனுக்கும் ஏன் அசையவில்லை? கதவு ஏற்கெனவே தரையில் இருந்தது. தரையில் இருக்கிற கதவு இன்னும் எங்கே இறங்கும்?

மோட்டார் பக்கத்தில் 'லிமிட் சுவிட்ச்' என்று சின்னதாக இரண்டு இருக்கும். கதவு மேலே முழுதாய்ப் போனதும் ஒன்று மோட்டாரை நிறுத்தும். தரையைத் தொட்டதும் இன்னொன்று நிறுத்தும். மேல் சுவிட்ச் கெட்டுப் போனால், கதவு தரையில் இருக்கும்போதே 'நான் மேலே போயாச்சு' என்று மோட்டார் நினைத்துக்கொள்ளும்.

மறுநாள் காலை பக்கத்து தாமானிலிருந்து ஒரு வயர்மேன் அண்ணன் வந்தார். நான் அப்போது தொழிற்பயிற்சியில் மாணவன்தான். மின்பெட்டியைத் திறக்க எனக்கு உரிமை இல்லை. நம் நாட்டில் வயரிங் வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்றவர்தான் செய்யணும். அவர் கரண்டை அடைத்து, இல்லை என்று மீட்டரில் உறுதி செய்துகொண்டு மூடியைக் கழற்றினார். மேல் லிமிட் சுவிட்சைச் சுற்றி எறும்புக் கூடு! மண்ணும் முட்டையுமாய் அடைத்துக் கிடந்தது. சுத்தம் செய்து, துருப்பிடித்த சுவிட்சை மாற்றி, மூடியில் இருந்த ஓட்டையையும் அடைத்தார். அரை மணி நேர வேலை.

அதற்கு முன்பே நான் அந்தத் தம்பி வீட்டுக்குப் போய்க் கூட்டி வந்திருந்தேன். டார்ச் பிடித்தவன் அவன்தான். கூட்டைப் பார்த்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து, "அண்ணே, இந்த எறும்புங்களயும் திட்டுவீங்களா?" என்றான். எல்லாரும் சிரித்தோம். எனக்கு மட்டும் சிரிப்பு தொண்டையில் நின்றது. எல்லார் முன்னால்தானே திட்டினேன்? அடுத்த வெள்ளிக்கிழமை பஜனை முடிந்ததும் எல்லார் முன்னாலேயே மன்னிப்பும் கேட்டேன்.

வரிசையாகத் தேடும் முறை

உங்கள் வீட்டு ஷட்டரோ கராஜ் கதவோ ஆட்டோ கேட்டோ நின்றுபோனால், லேசானதிலிருந்து கடினமானதுக்குப் போங்கள்.

1. கரண்ட் இருக்கா? பக்கத்து விளக்கு எரிகிறதா பாருங்கள். மின்பெட்டியில் பிரேக்கர் விழுந்திருக்கலாம். இடி மின்னலுக்குப் பிறகு இது சகஜம். ஒரு தடவை தூக்கிவிடலாம். திரும்ப விழுந்தால் விட்டுவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள். அது சும்மா விழாது; எங்கேயோ கரண்ட் கசிகிறது என்று சொல்கிறது.

2. ரிமோட்டா, கதவா? சுவர் பட்டனுக்குக் கதவு அசைந்து ரிமோட்டுக்கு அசையலைன்னா, முதல் சந்தேகம் ரிமோட் பேட்டரி. பல ரிமோட்டில் இருப்பது விரல்நுனி அளவு 12 வோல்ட் பேட்டரி. சில வெள்ளிதான்.

3. பூட்டு போட்டிருக்கா? கைத்தாழ்ப்பாளை எடுக்காமல் மோட்டாரை ஓட்டினால் பட்டைகள் வளைந்துவிடும். இரண்டு பக்கத் தடத்திலும் கல், மண், இலை இருக்கிறதா பாருங்கள்.

4. கண் மறைக்குதா? கராஜ் கதவின் இரு பக்கமும் கீழே எதிரெதிராய் இரண்டு சின்னக் கண்கள் இருக்கும். சிலந்தி வலையோ தூசியோ மறைத்தால், இறங்குகிற கதவு மறுபடி மேலே போய்விடும். தொந்தரவு என்று அதைக் கழற்றாதீர்கள். கதவுக்கடியில் குழந்தைகள் நசுங்கி இறந்த பிறகுதான், அமெரிக்காவில் 1993 முதல் தயாராகும் வீட்டு கராஜ் மோட்டார்களுக்கு இப்படிப்பட்ட கூடுதல் பாதுகாப்பைச் சட்டமாக்கினார்கள்.

5. சத்தத்தைக் கேளுங்கள். சத்தமே இல்லை என்றால் கரண்ட், பட்டன், லிமிட் சுவிட்ச். 'உம்ம்' என்று முனகி அசையாமல் நின்றால் கதவு எங்கேயோ சிக்கியிருக்கு அல்லது மோட்டாரின் கெப்பாசிட்டர் போயிருக்கு. உடனே கையை எடுங்கள், மோட்டார் கருகிவிடும். பலமுறை ஏற்றி இறக்கிய பிறகு நின்றால் சூடு தாங்காமல் தானே அணைந்திருக்கலாம், ஆறவிட்டுப் பாருங்கள்.

6. ஸ்பிரிங்கைத் தொடாதே! ஊரில் கிணற்று ஏற்றத்தில் ஒரு பக்கம் கல்லைக் கட்டித் தண்ணீரைச் சுலபமாக இறைப்பார்கள். கராஜ் கதவின் பாரத்தைத் தாங்குவதும் அப்படித்தான், மேலே முறுக்கி வைத்த ஸ்பிரிங். மோட்டார் கொஞ்சம்தான் தள்ளுகிறது. 'டமார்' என்று சத்தம் கேட்டு, ஸ்பிரிங் நடுவே இடைவெளி தெரிந்தால் அது அறுந்துவிட்டது. கதவின் முழுப் பாரமும் அப்படியே விழும். கயிற்றையும் இழுக்காதீர்கள், ஸ்பேனரும் எடுக்காதீர்கள். முறுக்கு ஏறிய ஸ்பிரிங் கையை முறித்துவிடும். அதற்கென்று ஆள் இருக்கிறார்கள்.

கதவோடு போகாத பாடம்

திருக்குறளில் 'மருந்து' 95-ஆவது அதிகாரம். நோய் என்ன, அது எதனால் வந்தது என்று தெரிந்துகொண்ட பிறகே வைத்தியம் செய்யச் சொல்கிறார் வள்ளுவர். நான் அன்று தேடியது காரணத்தை அல்ல, திட்டுவதற்கு ஓர் ஆளை. கடைசியாகத் தொட்டவன்தான் கெடுத்தவன் என்று முடிவு கட்டினேன். கதவை அரை மணியில் சரிசெய்தோம். அந்தப் பையன் மறுபடி சகஜமாகப் பேச மூன்று மாதம் ஆனது.

நம் தோட்டத்துப் பிள்ளைகளையும் இப்படித்தானே பேசுகிறோம்? வகுப்புக்கு வராதவனை 'சோம்பேறி' என்கிறோம். அவனுக்கு பஸ் கிடைக்கலையா, வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையா என்று கேட்டோமா?

இந்த மாதப் பயிற்சி

ஆயுத பூஜைக்கு மோட்டாருக்கும் சந்தனப் பொட்டு வைத்தோம். ஆனால் ஒரு வருடமும் அதைச் சரிபார்க்கவில்லை. இந்த வருடம் பொட்டு வைப்பதற்கு முன் தடத்தைக் கூட்டுங்கள், கைச்சங்கிலியை வெளியே எடுத்து வையுங்கள், மோட்டார் பெட்டியை வயர்மேனிடம் காட்டுங்கள்.

கலந்துரையாட:
1. உங்கள் கோயிலில், வீட்டில் எந்தப் பொருள் 'கெட்டுப் போச்சு' என்று மூலையில் கிடக்கிறது? மேலே உள்ள வரிசைப்படி காரணம் தேடுங்கள்.
2. விசாரிக்காமல் நீங்கள் பழி போட்ட ஒருவர் யார்? அவரிடம் எப்போது போய்ப் பேசப் போகிறீர்கள்?