மெட்டாலிக் பூச்சில் திட்டு ஏன்?

கேள்வி: எலக்ட்ரிக் கிட்டாருக்கு மெட்டாலிக் நீல லேக்கர் அடித்து, வாட்டர் பேப்பர் போட்டதும் திட்டுத்திட்டாகிவிட்டது. பெயின்ட் மட்டமா? (வாசகர், தொப்பம்பட்டி)

பதில்: பெயின்ட்டைக் குறை சொல்ல வேண்டாம், தேய்த்ததுதான் வினை. மெட்டாலிக் மினுக்கு, உள்ளிருக்கும் அலுமினியச் செதில்கள் சீராகப் படுத்திருப்பதால் வருவது. தேய்த்தால் செதில் அறுபட்டு நிறம் மாறும். வழிய வழிய அடித்தாலும் செதில்கள் மிதந்து ஓரிடத்தில் கூடிவிடும். ஆகவே நிறத்தை மெல்லிய கோட்டுகளாக அடித்து, கடைசிக் கோட்டைச் சற்றுத் தள்ளிப் பிடித்துத் தூவுங்கள். பாலிஷெல்லாம் மேலே வரும் கிளியர் கோட்டுக்குத்தான். இப்போதைய திட்டுக்கு ஒட்டுப்போடாமல், அந்தப் பக்கம் முழுவதற்கும் நிறத்தை மறுபடி அடியுங்கள்.

'கார் பெயின்ட் கிட்டாருக்கு ஆகுமா?' என்றால், 1960-களில் ஃபெண்டர் நிறுவனமே டூபான்ட் கார் பெயின்ட்டைத்தான் அடித்தது. அதன் லேக் பிளாசிட் புளூ, கெடிலாக் காரின் நிறம். கனத்த பூச்சு ஒலியைக் கெடுக்கும் என்பார்கள். கம்பியின் அதிர்வைப் பிக்கப் வாங்கும் எலக்ட்ரிக் கிட்டாரில் அந்தப் பயம் பெரிதல்ல. கவனிக்க வேண்டியது பருவம்தான்: உச்சிவெயிலில் துளிகள் விழுமுன்பே காய்ந்து சொரசொரக்கும், மழை ஈரத்தில் லேக்கர் வெளுத்துவிடும். ஈரமில்லாத காலையில், காற்றோட்டமான இடத்தில், கரி வடிகட்டி முகமூடியுடன், நெருப்பு அண்டாமல் அடியுங்கள்.